20 ஆட்களுக்கு சாப்பாடு: முன்கூட்டியே சமைத்து ஃப்ரீசரில் வைக்கலாமா? எது தாங்கும், எது கெடும்?

கரும்பு வெட்டு, நெல் அறுப்பு, முந்திரிக்கொட்டை பொறுக்குவது, வீட்டுக்கு தளம் போடுவது... வேலை எதுவாக இருந்தாலும் ஆட்கள் வந்துவிட்டால் அடுத்த கேள்வி சாப்பாடுதான். 20 பேருக்கு மூன்று, நான்கு நாள் தொடர்ந்து சமைக்கணும் என்றால், வீட்டில் யாரோ ஒருவர் விடியற்காலை 3 மணிக்கே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்.

முன்கூட்டியே சமைத்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் இந்தச் சுமை குறையுமா? குறையும். ஆனால் எதை வைக்கிறோம், எவ்வளவு சீக்கிரம் ஆற வைக்கிறோம் என்பதில் தப்பு நடந்தால், சாப்பிட்ட எல்லோரும் ஒரே நாளில் மருத்துவமனையில் நிற்கும் நிலை வரலாம். தினக்கூலி ஆட்களுக்கு ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் இதை முழுசா தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

சுருக்கமாக

• சோற்றை அன்றன்றே வடியுங்கள். பருப்பு, மசாலா, சுண்டல் போன்றவற்றை மட்டும் முன்கூட்டியே செய்து உறைய வையுங்கள்.

• ஆபத்து ஃப்ரீசருக்குள் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கி ஃப்ரீசருக்குள் வைப்பதற்கு இடைப்பட்ட சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

• அண்டாவோடு ஆற விடாதீர்கள். அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிருக்கு மாற்றுங்கள்.

• தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாக உறைய வைத்தால் வீட்டு ஃப்ரீசரே 20 பேருக்குப் போதும்.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சி. ஒரு பக்கம், 1842-ல் தொடங்கப்பட்ட பாரி சர்க்கரை ஆலை இருக்கும் நெல்லிக்குப்பம். இன்னொரு பக்கம் பண்ருட்டியின் பலா, முந்திரித் தோப்புகள். பொங்கலை ஒட்டி கரும்பும் நெல் அறுப்பும், பங்குனி, சித்திரையில் முந்திரியும், அதைத் தொட்டு பலாவும் என்று இந்தப் பகுதியில் ஆள் வைத்துச் செய்யும் வேலை மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலைகளில் "சாப்பாட்டோட கூலி", "சாப்பாடு இல்லாத கூலி" என்று இரண்டு விதமாகப் பேசுவது வழக்கம். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வேண்டும் என்றது. வயலில் இறங்கும் 20 பேர் கொண்ட செட்டுக்கு அப்படி எந்தக் கேன்டீனும் கிடையாது. வேலை கொடுப்பவர் வீட்டு அடுப்படிதான் கேன்டீன்.

இதே மாவட்டத்தில் வடலூரில், 1867-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. தினமும் சமைத்து தினமும் பரிமாறுகிறார்கள். அங்கே சமைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பிட வருபவர்களும் தினமும் வருகிறார்கள். வருஷத்தில் சில நாள் மட்டும், ஒன்றிரண்டு பேர் நின்று 20 பேருக்குச் சமைக்கும் வீட்டுக்கு நிலைமை வேறு. அங்கேதான் முன்கூட்டியே தயார் செய்வது உதவுகிறது.

ஒரு ஆளுக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்?

ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2,110 கலோரி தேவை. கடினமான உடல் உழைப்பு செய்யும் ஆணுக்கு 3,470 கலோரி. பெண்களில் இது 1,660 மற்றும் 2,720. அதாவது கரும்பு வெட்டும் ஒருவருக்கு, ஆபீஸில் இருப்பவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சாப்பாடு வேண்டும்.

அதனால் வீட்டு அளவை அப்படியே பெருக்கினால் பத்தாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு 200 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு 4 கிலோ. துவரம்பருப்பு ஆளுக்கு 40 கிராம் வீதம் 800 கிராம். கொண்டைக்கடலையும் அதே 800 கிராம். வெறும் சோறும் ரசமும் வயிறு நிறைக்கும், ஆனால் 4 மணிக்கே மறுபடி பசிக்கும். பருப்பு, கடலை, முட்டை, கறி என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் சாயங்காலம் வரை தாங்கும்.

ஃப்ரீசர் உண்மையில் என்ன செய்கிறது?

உணவை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்தால் பாக்டீரியா பெருகுவது நின்றுவிடும். வணிக ரீதியான உறைந்த உணவுகளுக்கும் இந்த மைனஸ் 18 டிகிரிதான் அளவுகோல்.

ஆனால் கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. தூங்குகின்றன, அவ்வளவுதான். வெளியே எடுத்து உருகத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி பெருகும். அதாவது உள்ளே போகும்போது உணவு எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் வெளியே வரும். பாதி கெட்ட குழம்பை ஃப்ரீசர் நல்ல குழம்பாக மாற்றாது. "ஃப்ரீசர்லதானே இருந்துச்சு, எப்படி கெட்டுச்சு?" என்ற கேள்விக்கு பல நேரம் இதுதான் பதில்.

அண்டாவில் ஆற வைப்பது ஏன் ஆபத்து?

5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை இந்த இடைப்பட்ட சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இப்போது ஒரு பெரிய அண்டா சாம்பாரையோ கறிக்குழம்பையோ நினைத்துப் பாருங்கள். ராத்திரி 8 மணிக்கு இறக்கி, மூடி போட்டு, "காலைல உள்ள வச்சுக்கலாம்" என்று விட்டால் மேல்பகுதி ஆறிவிடும். நடுப்பகுதி நள்ளிரவைத் தாண்டியும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

குறிப்பாக இரண்டு கிருமிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ்: கறிக்குழம்பு, பருப்பு போன்ற கெட்டியான உணவுகளில் வரும். இதன் வித்துகள் கொதியைத் தாங்கும். குழம்பு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். சுமார் 43 முதல் 45 டிகிரி சூட்டில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் தன்மை இதற்கு உண்டு. அந்த வேகத்தில் போனால் ஒரே ஒரு பாக்டீரியா ஒரு மணி நேரத்தில் 64, இரண்டு மணி நேரத்தில் 4,096, மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும்.

பேசில்லஸ் சீரியஸ்: சோறு, நூடுல்ஸ் போன்ற மாவுச்சத்து உணவுகளில் வரும். இது வெளியிடும் வாந்தி உண்டாக்கும் நச்சு சூட்டுக்கு அழியாது. திரும்பக் கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

அதனால்தான் "நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்பது எல்லா நேரமும் உண்மை ஆகாது.

எப்படி ஆற வைக்க வேண்டும்?

1. அடுப்பை அணைத்த உடனே குழம்பை அகலமான தாம்பாளம், ட்ரே, அடி அகன்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆழம் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்.

2. அந்தத் தட்டுகளை தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் வையுங்கள். நம்ம ஊர் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். அதனால் கொஞ்சம் ஐஸ் கட்டி போட்டால் சீக்கிரம் ஆறும். தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள்.

3. மீன் கடையில் வாங்கும் ஐஸ் என்றால் பாத்திரத்துக்கு வெளியே மட்டும். குழம்புக்குள் ஒரு துண்டு கூடப் படக்கூடாது.

4. சுத்தமான கரண்டியால் அடிக்கடி கிளறுங்கள். ஃபேன் காற்று படட்டும். ஈ மொய்க்காமல் மெல்லிய சல்லடை அல்லது வலை போட்டு மூடலாம், கனமான மூடி போட வேண்டாம்.

5. தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் சிறு சிறு அளவாகப் பிரித்து முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

அடுப்பிலிருந்து இறக்கியது முதல் ஃப்ரிட்ஜுக்குள் போகும் வரை மொத்தம் 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இதற்கு முடியாது என்றால் அன்றைக்குச் சமைக்காமல் இருப்பதே மேல்.

வீட்டு ஃப்ரீசர் 20 பேருக்குப் போதுமா?

இதில் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று குளிர், இன்னொன்று கொள்ளளவு.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார் மின்சாரச் சிக்கனத்துக்கானது. அதற்கும் ஃப்ரீசர் குளிருக்கும் சம்பந்தமில்லை. ஃப்ரீசர் பெட்டியின் குளிரைக் காட்ட சில மாடல்களில் தனியாக நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18 டிகிரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சின்னப் பெட்டி பல நேரம் ஐஸ் கட்டிக்கு மட்டும்தான் சரிப்படும். அதை நம்பி வாரக்கணக்கில் வைக்க வேண்டாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஐஸ்கிரீமை உள்ளே வையுங்கள். மறுநாள் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் ஓகே. ஸ்பூன் சுலபமாக இறங்கினால் குளிர் போதவில்லை.

அடுத்தது கொள்ளளவு. ஒரே நேரத்தில் நிறைய புது உணவை உள்ளே திணித்தால் ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகும். 60 லிட்டர் அளவுள்ள ஃப்ரீசரில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 கிலோ வரை புதிதாக வைப்பது பாதுகாப்பான அளவு.

20 பேருக்கு சாம்பார் என்றால் 5, 6 லிட்டர் வருமே? அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாம்பாரில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை எதற்கு உறைய வைக்கணும்? 800 கிராம் பருப்பை கெட்டியாக வேக வைத்து மசித்தால் 3 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதை மட்டும் உறைய வைத்து, அன்றைக்கு புளித்தண்ணீர், காய், பொடி, தாளிப்பு சேர்த்தால் புது சாம்பார்தான். மின்சாரமும் மிச்சம், இடமும் மிச்சம், ஆறும் நேரமும் குறைவு.

எது தாங்கும், எது கெடும்?

ஃப்ரீசரில் நன்றாகத் தாங்குபவை:

• வேக வைத்து மசித்த துவரம்பருப்பு, பாசிப்பருப்பு

• வேக வைத்த கொண்டைக்கடலை, காராமணி, பட்டாணி, மொச்சை

• வதக்கி அரைத்த வெங்காயம், தக்காளி மசாலா

• இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல், புளிக்காய்ச்சல்

• முருங்கைக்காய், பலாக்காய் துண்டுகள். பண்ருட்டி பக்கம் பலாக்காய் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் வெட்டி, முக்கால் வேக்காடு வேக வைத்து, ஆற வைத்து வைத்தால் குருமாவுக்கும் பிரட்டலுக்கும் ஆகும். பலாக்கொட்டையும் இப்படித்தான்.

• அவித்த இட்லி, இரண்டு பக்கமும் லேசாகச் சுட்ட சப்பாத்தி. இடையில் தாள் வைத்து அடுக்கினால் ஒட்டாது.

• ஆட்டுக்கறி, கோழி குழம்பு. ஆனால் முதல்முறை செய்பவர்கள் மசாலாவை மட்டும் உறைய வைத்து, கறியை அன்றைக்கே வாங்கிச் சேர்ப்பது நல்லது.

சரிப்படாதவை:

• உருளைக்கிழங்கு: உருகிய பிறகு மணல் மாதிரி நறநறக்கும்.

• கத்தரிக்காய், வெண்டை, சுரைக்காய், புடலை: தண்ணீர் சத்து அதிகம். குழைந்துபோகும்.

• அவித்த முட்டை: வெள்ளைக்கரு ரப்பர் ஆகிவிடும்.

• தயிர், மோர்க்குழம்பு: திரிந்து தண்ணீர் பிரியும்.

• தேங்காய்ப்பால் குழம்பு: எண்ணெயும் தண்ணீரும் பிரியும். தேங்காயை கடைசியில் அன்றைக்கே அரைத்து ஊற்றுங்கள்.

• வடை, அப்பளம், பொரியல்: மொறுமொறுப்பு போய்விடும்.

சமைத்த குழம்பு, பருப்பு வகைகளை 2 முதல் 3 மாதம் வரை வைக்கலாம். அதற்கு மேல் உடனே கெட்டுவிடும் என்றில்லை, ஆனால் ருசி இறங்கும். ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன, எத்தனை பேருக்கு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு பருப்பும் மசாலாவும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்!

சோறு வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம்?

சோற்றையும் உறைய வைக்க முடியும். ஆனால் 4 கிலோ அரிசி வெந்தால் 10 கிலோவுக்கு மேல் சோறு வரும். அதை 2 மணி நேரத்துக்குள் ஆற வைப்பதும், வீட்டு ஃப்ரீசரில் இடம் பிடிப்பதும் நடக்காத காரியம். மேலே சொன்ன பேசில்லஸ் சீரியஸ் பிரச்சினையும் இருக்கிறது. அரிசி வேக அரை மணி, முக்கால் மணி நேரம்தான். குழம்பு தயாராக இருந்தால் காலையில் சோறு மட்டும் வடிப்பது பெரிய வேலை இல்லை.

"அப்போ நாங்க பழைய சோறு சாப்பிடுறோமே?" என்று கேட்கலாம். பழைய சோறு வேறு கணக்கு. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளைக் கட்டுப்படுத்தும். அதற்கும் சோறு புதிதாக இருக்கணும், தண்ணீரும் பாத்திரமும் சுத்தமாக இருக்கணும், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடிக்கணும். நாள் முழுக்க வெளியே கிடந்து மிஞ்சிய சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் அது பாதுகாப்பு ஆகிவிடாது.

20 பேர், 3 நாள் வேலை: ஒரு மாதிரி திட்டம்

திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வியாழன் மாலை: 800 கிராம் துவரம்பருப்பு வேக வைத்து மசித்து, கெட்டியாக ஆற வைத்து உறைய வைக்கவும். இது திங்கள் சாம்பாருக்கு.

வெள்ளி மாலை: ஒன்றரை கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி வதக்கி, மசாலா சேர்த்து சுருள வதக்கி ஆற வைத்து உறைய வைக்கவும். இது செவ்வாய் கோழி அல்லது முட்டைக் குழம்புக்கு.

சனி மாலை: 800 கிராம் கொண்டைக்கடலையை வெள்ளி ராத்திரியே ஊற வைத்து, வேக வைத்து, தண்ணீரை வடித்து உறைய வைக்கவும். இது புதன் காரக்குழம்புக்கு.

ஞாயிறு: புளிக்காய்ச்சல், துவையல் பொடி, மோர் மிளகாய் எல்லாம் தயாராக எடுத்து வைக்கவும். திங்களுக்கான பருப்புப் பொட்டலத்தை ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றவும்.

வேலை நாட்களில் காலை: சோறு வடிக்கணும், காய் சேர்த்து குழம்பு கொதிக்க வைக்கணும், தாளிக்கணும். 3 மணிக்கு எழுந்த இடத்தில் 5 மணிக்கு எழுந்தால் போதும் என்ற அளவுக்கு வேலை குறையும்.

ஒரு நாளில் 3 கிலோவுக்கு மேல் ஃப்ரீசருக்குள் போகாதபடி வேலை பிரிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

எதில் வைப்பது?

உணவுக்குத் தகுந்த தடிமனான ஜிப் பையில் ஒரு லிட்டர் வீதம் ஊற்றி, காற்றை வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுங்கள். 2, 3 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி அடுக்கிக்கொள்ளலாம்.

எவர்சில்வர் டப்பாவும் நல்லதே. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் மேலே இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், விரிந்து உடையும். மெல்லிய கேரி பேக் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அவற்றுக்குத் தடையும் இருக்கிறது.

சூடாக்குவதும் வயலுக்குக் கொண்டு போவதும்

ராத்திரி ஃப்ரிட்ஜில் மாற்ற மறந்துவிட்டால், உறைந்த பொட்டலத்தை அடுப்படி மேடையில் மணிக்கணக்கில் வைத்து உருக்காதீர்கள். பையிலிருந்து எடுத்து, கொஞ்சம் தண்ணீரோடு நேராக பாத்திரத்தில் போட்டு அடுப்பை எரிய விடுங்கள். தட்டையான பொட்டலம் சீக்கிரம் இளகிவிடும்.

குழம்பு ஓரத்தில் மட்டும் கொதித்தால் போதாது. அடிவரை கிளறி, நடுவிலும் தளதளவென்று சில நிமிடம் கொதிக்கணும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

காலை 7 மணிக்குக் கட்டிய சாப்பாட்டை மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் இடையில் 6 மணி நேரம். சாதாரண தூக்குவாளியில் அது ஆபத்தான சூட்டிலேயே கிடக்கும். கொதிக்கக் கொதிக்க ஹாட்பாக்ஸில் ஊற்றி இறுக மூடுங்கள். ஊற்றுவதற்கு முன் ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றிக் கொட்டினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். இல்லையென்றால் சாப்பாட்டை 11, 12 மணிக்குத் தயார் செய்து சூட்டோடு கொண்டு போங்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம் புளிப்பால் ஓரளவு தாங்கும், ஆனால் அதுவும் சாயங்காலம் வரை அல்ல.

வயலில் கை கழுவ சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள். உரம், மருந்து தொட்ட கையோடு யாரும் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது.

கரண்ட் போனால் என்ன செய்வது?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது முக்கியமான கேள்வி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு தென்பெண்ணை வெள்ளம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது.

கதவைத் திறக்காமல் இருந்தால் நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைத் தாங்கும். பாதி நிரம்பியது 24 மணி நேரம். கீழே இருக்கும் ஃப்ரிட்ஜ் பகுதி சுமார் 4 மணி நேரம்தான். காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி உறைய வையுங்கள். மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திர பராமரிப்பு மின்தடையை இப்படிச் சுலபமாகத் தாண்டிவிடலாம்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று தெரிய ஒரு வழி: ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. அடியில் கிடந்தால் உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த உணவை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உணவில் இன்னும் ஐஸ் துகள்கள் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம் அல்லது உடனே சமைக்கலாம். முழுசா உருகி, சில்லென்ற தன்மையும் போய், எவ்வளவு நேரம் ஆச்சு என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நஞ்சான உணவு பல நேரம் நன்றாகவே மணக்கும்.

ஃப்ரீசரே இல்லாவிட்டால்?

முன்கூட்டியே தயார் செய்வது ஃப்ரீசரோடு வந்த பழக்கம் இல்லை. புளிக்காய்ச்சல், வற்றல், வடகம், கருவாடு, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாமே நாளைய சமையலை நேற்றே செய்து வைக்கும் வழிகள்தான். உப்பு, புளிப்பு, எண்ணெய், வெயில் என்று நீர்ச்சத்தைக் குறைத்தோ கட்டுப்படுத்தியோ இவை கெடாமல் நிற்கின்றன. ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடலையை ராத்திரி ஊற வைப்பது, காயை முந்தின நாள் வாங்கி கழுவித் துடைத்து வைப்பது, சாம்பார் பொடியை முன்பே அரைப்பது ஆகியவையே காலை வேலையில் பாதியைக் குறைக்கும்.

யாருக்காவது வயிறு கெட்டால்?

சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி, அல்லது 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு வந்தால் உணவைச் சந்தேகிக்க வேண்டும். மிச்சம் இருப்பதை யாரும் சாப்பிடக்கூடாது. அதே நேரம் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தால் மருத்துவர்களும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் பரிசோதிக்க உதவும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வாந்தி நிற்காமல் இருந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், சிறுநீர் குறைந்தால், மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108-க்கு அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. வெயிலில் வேலை செய்தவர்களுக்கு ஏற்கெனவே உடலில் தண்ணீர் குறைந்திருக்கும் என்பதால் நிலைமை சீக்கிரம் மோசமாகலாம்.

சொந்த வேலைக்கு ஆட்களுக்குச் சமைப்பதைத் தாண்டி, இதையே காசுக்குச் செய்து கொடுக்கும் தொழிலாக மாற்ற நினைத்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அவசியம்.

மொத்தத்தில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: கெட்டியாகச் சமையுங்கள், தட்டையாகப் பிரித்து வேகமாக ஆற வையுங்கள், தேதி எழுதி உறைய வையுங்கள், சோற்றை மட்டும் அன்றைக்கே வடியுங்கள். அடுத்த நடவுக்கோ கரும்பு வெட்டுக்கோ ஆள் சொல்லும்போதே, ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் சோதனையையும் செய்து பார்த்துவிடுங்கள்.